நாவக்கோம்பையில் விழாமல் நின்ற மரம்

மாசி மாதம் பனி விலகிய ஒரு காலையில், நாவக்கோம்பை மலைச்சனங்கள் தங்கள் காட்டில் தங்கள் பேரில் வெட்டிய முதல் மரம், அடி அறுந்து, ஒரு தரம் முனகி, தலையை ஆட்டி, சரிந்து, பாதி வழி வந்து, அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அது வேறு எந்த மரத்திலும் சிக்கவில்லை, எந்தக் கயிறும் அதைப் பிடித்திருக்கவில்லை. வெட்டின கட்டைக்கும் சாய்ந்த மரத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது, அதற்குள் காற்று போய்வந்தது, அந்தப் பக்கத்துச் சாமைக் கொல்லை தெரிந்தது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அப்படி நின்றவர்களில் ஒருத்தி உண்ணாமலை. மரத்தை வெட்டச் சொன்னவள் அவள். மரம் விழ வேண்டிய இடத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன் வேடியப்பன்.

அந்தக் காடு நாவக்கோம்பைக்குக் கிடைத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கிடைத்தது என்றால், காடும் எங்கேயும் போயிருக்கவில்லை, சனமும் எங்கேயும் போயிருக்கவில்லை. ஆனால் பாட்டன் காலத்திலிருந்து ஒரு சுள்ளி பொறுக்கவும் யாரோ ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்டால் இல்லை என்றார்கள், கேட்காமல் எடுத்தால் கேஸ் ஆனது. வன உரிமைச் சட்டத்தில் மனு கொடுத்து, நடந்து, காத்து நின்று, திரும்பி, மறுபடி நடந்து, கடைசியில் ஊர்ச்சபை பேருக்கு உரிமை வந்த அன்றைக்கு நாவக்கோம்பையின் இரண்டு பகுதிகளான மேலூரும் கீழூரும் சேர்ந்து காளியம்மனுக்குக் கிடா வெட்டின. அதன்பிறகு எந்தச் சரிவில் சீமார்ப்புல் அறுக்கலாம், எந்தச் சரிவை ஆறவிட வேண்டும், கடுக்காய் எப்போது உலுக்கலாம், எந்த மரத்தைத் தொடலாம், எதை விதைக்கு விட வேண்டும் என்பதையெல்லாம் ஊரே உட்கார்ந்து பேசியது. பேச்சை நடத்தும் குழுவுக்கு ஒரு தலைவி வேண்டும் என்றபோது எல்லாரும் உண்ணாமலையைக் காட்டினார்கள். அவள் மேலூரில் பிறந்து கீழூரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பக்கமும் அவளைத் தன் ஆள் என்று நினைத்தது.

ஊருக்கும் கீழே போகிற தார்ரோட்டுக்கும் நடுவில் நாவலாறு ஓடியது. கோடையில் ஆடு தாண்டும் ஆறு. ஐப்பசியில் ஆனையைப் புரட்டும் ஆறு. போன ஐப்பசியில் உண்ணாமலையின் மகள் பூங்காவனத்துக்கு வலி எடுத்து, டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர்கள், தண்ணீர் வடியும் வடியும் என்று நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் குழந்தை பிறந்தது. அழவில்லை. அந்தக் கரையிலேயே ஒரு நாவல் மரத்தடியில் அதைப் புதைத்துவிட்டு, பூங்காவனத்தை மட்டும் திரும்பத் தூக்கிவந்தார்கள்.

ஆகவே ஊர்ச்சபையில் உண்ணாமலை வாய் திறந்து கேட்ட முதல் காரியம் பாலம். பாலத்துக்கு மரம் வேண்டும், தண்ணீரில் கிடந்தாலும் உளுத்துப்போகாத மரம், இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரே நீளமாக எட்டுகிற மரம். குழுவில் இருந்தவர்கள் காடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார்கள். ஒன்று பொந்து, ஒன்று கோணல், ஒன்று குட்டை. எட்டுவது ஒன்றே ஒன்று: கீழூருக்குக் கீழே சரிவில் நின்ற வேங்கை. கீழூர்க்காரர்களுக்கு அது தேன்மரம். சித்திரையில் அது பூத்ததும் மலைத்தேனீ எங்கிருந்தோ வந்து அதன் கிளையெல்லாம் அடை கட்டும்; அதில் ஏறத் தெரிந்த ஒரே ஆள் வேடியப்பன்.

"தேன் எடுக்க வேற மரம் பாத்துக்கலாம்" என்றாள் உண்ணாமலை, சபையில், எல்லார் முன்னாலும்.

"ஈக்கு யார் மே சொல்றது, வேற மரம் பாருன்னு?" என்றான் வேடியப்பன். "ஆத்துக்கு வேற வழி பாக்கலாம். கம்பி கட்டலாம், கயிறு கட்டலாம். எனக்கும்தான் அது பேரப்புள்ள. அதுக்காக ஊருக்குச் சோறு போட்ட மரத்தோட காலை வெட்டணுமா?"

மேலூர் கை தூக்கியது. கீழூரில் பாதிப் பெண்கள் கை தூக்கினார்கள். மரத்தை வெட்டுவதென்று முடிவாயிற்று. அன்றிலிருந்து வேடியப்பன் பெண்டாட்டியிடம் பேசவில்லை; அவள் போட்டதைத் தின்றான், எழுந்து போனான்.

வெட்டின அன்றைக்கு ரம்பத்தின் ஒரு கைப்பிடியை உண்ணாமலையின் தம்பி சேவத்தான் பிடித்திருந்தான். மேலூரில் மரவேலைக்கு அவன்தான். வேங்கையின் அடியிலிருந்து ரத்தம்போல் பால் வடிந்து ரம்பத்தை நனைத்தது, நனைந்த ரம்பம் பிசுபிசுவென்று ஒட்டியது, அதைத் துடைத்துத் துடைத்து அறுத்தார்கள். "விலகுங்க, விலகுங்க" என்று சேவத்தான் கத்தியபோது எல்லாரும் மேட்டுப்பக்கம் ஓடினார்கள். ஒருவன் மட்டும் பள்ளத்துப்பக்கம் போனான். தோளில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன் மாதிரி நடந்து, மரம் விழ வேண்டிய பாதையில் கிடந்த தட்டைப் பாறையில் ஏறி, மரத்தைப் பார்த்து உட்கார்ந்தான். அப்போது மரம் அறுந்துவிட்டிருந்தது. நிறுத்த யாராலும் முடியாது. "மாமா!" என்று சேவத்தான் கத்தினான். மரம் வந்தது, காற்று அதற்கு முன்னால் வந்து வேடியப்பனின் தலைமயிரைப் பின்னால் தள்ளியது, பிறகு எல்லாம் நின்றது. ஒரு இலை மட்டும் விழுந்து அவன் மடியில் கிடந்தது.

"எந்திரிச்சு வாய்யா!" என்று ஊரே கூப்பிட்டது. வேடியப்பன் எழுந்தான். பாறையைவிட்டு மேட்டுப்பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தான். மரம் அவன் பக்கம் திரும்பி, ஒரு சாண் இறங்கியது. காலைப் பின்னால் எடுத்தான், நின்றது. இடப்பக்கம் வைத்தான், மரத்தின் தலையும் இடப்பக்கம் திரும்பியது, மறுபடி ஒரு சாண். பாறைமேலேயே அவன் எழுந்தாலும் படுத்தாலும் மரம் கண்டுகொள்ளவில்லை. பாறையைவிட்டு நீங்கினால் அவன் தலைக்குமேல் கூடவே வந்தது, வந்ததோடு இறங்கியது, இறங்கியது ஏறவில்லை.

சேவத்தான் ஒரு யோசனை செய்தான். மாமன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பத்துப் பேர் மேட்டிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால், மரம் வருவதற்குள் ஆள் வெளியே வந்துவிடுவான் என்றான். கயிறு கட்ட அவனே அடியில் போனான். இழுத்தார்கள். மரம் இழுப்பைவிட வேகமாக வந்தது. ஒரு கிளை சேவத்தானின் தோளில் இறங்கி எலும்பு முறிந்த சத்தம் மேடுவரைக்கும் கேட்டது. வேடியப்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு, மைத்துனனை வெளியே தள்ளிவிட்டு, பாறைக்கு உருண்டான். மரம் நின்றது. இப்போது அதன் நடுத்தண்டு அவன் எழுந்து நின்று கையைத் தூக்கினால் எட்டாத உயரத்தில், ஆனால் இன்னொரு ஆள் அவன் தோளில் ஏறினால் எட்டுகிற உயரத்தில் இருந்தது. "இனிமே யாரும் என்னைக் காப்பாத்த வாணாம்" என்றான் வேடியப்பன்.

அதற்குமேல் ஊர் என்ன செய்யும்? கவைக்கால் வெட்டி மரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். மரம் முட்டில் உட்காரவில்லை, முட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் நுழைந்தது. காளியம்மனுக்குப் பூ வைத்துக் கேட்டார்கள். அம்மன் வலப்பூவும் கொடுக்கவில்லை, இடப்பூவும் கொடுக்கவில்லை. கீழிருந்து காட்டிலாக்கா அதிகாரி ஒருவர் வந்தார், மரத்தைச் சுற்றி நடந்தார், இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு உண்ணாமலையிடம், "காடும் உங்களுது, மரமும் உங்களுது. நான் இதுல என்னம்மா எழுதறது? விழுந்த மரம்னு எழுதவா, நிக்கிற மரம்னு எழுதவா?" என்று கேட்டார். அவர் சாமைக் கஞ்சி குடித்துவிட்டு, பாறையில் இருந்தவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப்போனார்.

பங்குனி போவதற்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. பாறைக்குமேல் வேடியப்பனுக்கு ஒரு தட்டி கட்டிக்கொடுத்தார்கள், ஒதுங்க ஒரு மறைப்பும் வைத்தார்கள். ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போகிற பெண்கள் மரத்தைச் சுற்றிப் புதுத்தடம் போட்டார்கள். அந்தத் தடத்தில் நடக்கும்போது யாரும் உரக்கப் பேசவில்லை, குடத்தை மோதவிடவில்லை. தும்மல் வந்தவன் வாயைப் பொத்திக்கொண்டான். ஆடுகள் மட்டும் எதையும் மதிக்காமல் போய், தாழ்ந்து தொங்கிய கிளைகளில் தழை மேய்ந்தன. மேய்ந்த இடத்தில் மறுபடி துளிர் வந்தது. வேரில்லாத மரம் துளிர்க்கிறதே என்று முதலில் சொன்னார்கள், பிறகு அதையும் சொல்லவில்லை. கல்யாணம் பேசவந்த அயலூர்க்காரர்கள், "அதான் அந்த மரமா?" என்று கேட்டுவிட்டு, நகைபற்றிப் பேசினார்கள்.

உண்ணாமலைக்கு மட்டும் அது பழகவில்லை. காலையில் கஞ்சியும் சாயங்காலம் களியும் எடுத்துக்கொண்டு அவள்தான் போனாள். மரத்தின் அடியில் நுழைகிற ஒவ்வொரு தடவையும் அவள் முதுகுத்தண்டு தானாக வளைந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரில் குந்துவாள். அவன் தின்பான். மேலே அத்தனை பெரிய பாரம் மூச்சுவிடாமல் நிற்கும். சபையில் கை தூக்கச் சொன்னது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். மரத்தைப் பார்க்கும்போது அந்தத் தெரிந்ததெல்லாம் எங்கோ போய்விடும்.

"ஏன் போய் உக்காந்தே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நீ நிறுத்தச் சொல்லுவேன்னு நெனச்சேன்."

"அறுத்து முடிச்ச மரத்தை எப்பிடி நிறுத்தச் சொல்றது?"

"அப்பறந்தான் அது தோணிச்சு" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அன்றிலிருந்து மறுபடி பேசிக்கொண்டார்கள்.

சித்திரையில் மரம் பூத்தது. சாய்ந்தபடியே, அடியற்றபடியே, கொம்பெல்லாம் மஞ்சளாகப் பூத்து வேடியப்பனின் தலையிலும் கம்பளியிலும் கொட்டியது. பூத்ததும் மலைத்தேனீ வந்தது. வழக்கமாக வருவதைவிட அதிகம் வந்தது. அவன் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தாழ்ந்திருந்த கிளைகளில் அடையடையாகக் கட்டியது. அவன் எழாமலே தேன் எடுத்துக் கொடுத்தான். கீழூர்க்காரர்கள் குடம் குடமாக வாங்கிப்போனார்கள். வெட்டினாலும் கொடுக்கிற மரம் என்றார்கள், உட்கார்ந்தே கொடுக்கிற மனுஷன் என்றார்கள், பாறையோரம் யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். தேங்காய் உடைக்க வந்தவனை வேடியப்பன் விரட்டினான்: "நான் இன்னும் சாவல, போடா."

மேலூருக்கு அந்தத் தேன் கசந்தது. ஆனி வந்தது, ஆடி வந்தது, மேற்கே மேகம் கூடியது, பாலம் வரவில்லை. அதற்குள் பூங்காவனம் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐப்பசிக்கு நாள் என்றார்கள். சேவத்தானின் வீட்டில் கூடிப் பேசினார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு இடத்துக்கு வந்து, அங்கே நின்று, யாரும் அதைச் சொல்லாமல் கலைந்தார்கள். ஊர்க்கவுண்டர் இலட்சுமணன் ஒருவர்தான் அதை உண்ணாமலையிடம் வந்து சொன்னார். அவர் ஈவிரக்கம் உள்ள மனுஷன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவன் இருக்கறவரைக்கும் மரம் நிக்கும்னு ஆயிப்போச்சு. பசங்க ஒரு மாதிரி பேசறானுங்க. நீ கொஞ்சம் பக்கத்துலயே இரும்மா."

அவர் சொல்லி நெடுநாள் ஆகவில்லை. ஒரு நடுப்பகலில், எல்லாரும் களைபிடுங்கப் போயிருந்த நேரம், மேட்டிலிருந்து ஒரு கல் பறந்துவந்து பெரிய அடையில் விழுந்தது. ஈ மொத்தமும் கிளம்பியது. உண்ணாமலை கொல்லையிலிருந்து அந்த இரைச்சலைக் கேட்டு ஓடிவந்தபோது, வேடியப்பன் கம்பளிக்குள் சுருண்டு பாறையோடு பாறையாகக் கிடந்தான். கம்பளி தெரியவில்லை, அதன்மேல் ஈதான் தெரிந்தது. ஓடியிருந்தால் மரம் விழுந்திருக்கும். அவன் ஓடவில்லை. ஈ அடங்கியபிறகு அவள் உள்ளே போய், அவன் முகத்திலிருந்தும் கையிலிருந்தும் கொடுக்கைப் பிடுங்கிச் சுண்ணாம்பு தடவினாள். இமை வீங்கி அவனுக்குக் கண் தெரியவில்லை.

"கல்லு எங்கிருந்து வந்துச்சு?" என்றாள்.

"நான் பாக்கல."

"மேட்டுலதான் நீ மூஞ்சி வெச்சு உக்காருவே. பாக்கலன்னா?"

"பாக்கலன்னா பாக்கல, விடு மே. பேரு சொன்னா நாளைக்கு ரெண்டு ஊராயிடும். அப்பறம் காடு யாருக்கு?"

அவன் வாய் வீங்கிக் குளறியது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஊரும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் மேலூரிலிருந்து யாரோ ஒரு சட்டி நல்லெண்ணெய் கொண்டுவந்து பாறைக்குக் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈ அந்த வாரமே கிளம்பிப் போய்விட்டது. காலி அடைகள் காய்ந்து தொங்கின.

ஆவணியில் ஒரு சின்னக் காரியம் நடந்தது. உண்ணாமலை கொடுத்த கஞ்சிக் கிண்ணம் வேடியப்பனின் கையிலிருந்து நழுவிப் பள்ளத்துப்பக்கம் உருண்டது. அவன் யோசிக்காமல் ஒரு காலைப் பாறைக்குக் கீழே, சரிவில் வைத்து எட்டி எடுத்தான். மரம் அசைந்தது, முன்னால் நகர்ந்தது, எப்போதும்போல ஒரு சாண் இறங்கியது. ஆனால் அவன் நின்ற நிலமும் ஒரு சாண் தாழ்ந்துதான் இருந்தது. மரத்துக்கும் தலைக்கும் நடுவில் இருந்த தூரம் இருந்தபடியே இருந்தது. அவன் கிண்ணத்தோடு மெதுவாகத் திரும்ப ஏறியபோதுதான் அது குறைந்தது.

அன்று முழுக்க உண்ணாமலை களைக்கொத்தைப் பிடித்தபடி சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையிலிருந்து நிலம் கீழே போகிறது. உண்ணிச்செடியும் மூங்கிலும் அடைத்த சரிவாகப் போகிறது. போய் நாவலாற்றில் முடிகிறது. மேட்டுக்கு இழுக்கத்தான் எல்லாரும் பார்த்தார்கள், வீடு மேட்டில் இருந்ததால். பள்ளத்தில் நடந்தால் அவன் போகலாம். மரம் அவன் தலைக்குமேலே கூடவே போகும். ஆறுவரைக்கும் போகும், ஆற்றுக்குள்ளும் போகும். அக்கரையில் ஏற வேண்டும். அங்கே நிலம் உயர்கிறது. அவள் அதுவரைக்கும் யோசித்தாள், அதோடு நிறுத்திக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஒவ்வொரு நாளும் கஞ்சி எடுத்துப் போனாள், ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லாமல் திரும்பினாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. விடாமல் பெய்தது, சரிவெல்லாம் ஓடையாயிற்று, நாவலாற்றின் இரைச்சல் மேலூர்வரைக்கும் கேட்டது. நாள் நிறைவதற்கு முன்னாலேயே ஒரு விடிகாலையில் பூங்காவனத்துக்கு வலி எடுத்தது. மருத்துவம் பார்க்கிற கிழவி தொட்டுப் பார்த்துவிட்டு, "குறுக்கால கீது. என் கையால ஆவாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றாள். மருமகன் தருமன் டோலி கட்டினான். ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கரையே தெரியவில்லை என்றார்கள்.

உண்ணாமலை மழையோடு பாறைக்கு வந்தாள். வேடியப்பன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"புள்ளைக்கு வலி வந்துட்டுச்சா?"

"வந்துட்டுச்சு. குறுக்கால கீதாம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, நான் ஒண்ணு சொல்லணும். ஆவணியிலேயே சொல்லியிருக்கணும். கிண்ணம் உருண்டுச்சே—"

"பள்ளத்துல நடந்தா எறங்காது" என்றான் அவன். "எனக்கும் தெரியும்."



"அப்ப ஏன் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலையோ, அதான்." கம்பளியை எடுத்து மடித்துப் பாறைமேல் வைத்தான். "அக்கரை மேடு எவ்வளவு இருக்கும்?"

"உன் இடுப்பு ஒசரத்துக்கு."

அவன் மரத்தை ஏறிட்டுப் பார்த்தான், மனசுக்குள் எதையோ அளந்தான், தலையை ஆட்டினான். "செடியை வெட்டித் தடம் போடச் சொல்லு. சீக்கிரம்."

அவள் ஊர்ச்சபையைக் கூட்டவில்லை, யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை. மேட்டில் ஏறி ஒரு சத்தம் போட்டாள். கீழூர் வந்தது, மேலூரும் வந்தது. அரிவாளோடு வந்தார்கள், கொடுவாளோடு வந்தார்கள், ஒரு தோள் தொங்கிய சேவத்தான் நல்ல கையில் வெட்டுக்கத்தியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் சரிவில் இறங்கினான். உண்ணிச்செடியை அறுத்து எறிந்தார்கள், மூங்கிலை வளைத்து ஒடித்தார்கள், வழுக்குகிற இடத்தில் கல்லைப் போட்டார்கள். கல்லெறிந்தவன் அந்தக் கூட்டத்தில் இருந்தானோ என்னவோ, மழையில் எல்லா முகமும் ஒன்றாகத்தான் இருந்தது. பாறையிலிருந்து ஆறுவரைக்கும் ஒரு சந்து திறந்தது.

வேடியப்பன் பாறையைவிட்டு இறங்கினான்.

மரம் தன் வெட்டுக்கட்டையின் பக்கத்தை விட்டு நகர்ந்தது. அடிமரம் சேற்றில் படாமல் சேற்றுக்கு ஒரு விரல் மேலே வழுக்கி வந்தது, தலை அவன் தலைக்குமேல் முன்னே போனது. அவன் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி. உண்ணாமலை அவன் பக்கத்திலேயே நடந்தாள். "நீ வெளிய போ மே" என்றான். "நான் போட்ட முடிவுதான் இது, நான் வரேன்" என்றாள். சரிவு எங்கே செங்குத்தாக இருந்ததோ அங்கே மரத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் தூரம் அப்படியே இருந்தது. எங்கே நிலம் கொஞ்சம் சமமானதோ அங்கே மரம் இறங்கியது. இலை அவர்கள் தோளை உரசியது, பிறகு கிளை உரசியது. ஒரு மூங்கில் தூர் குறுக்கே கிடந்தது, அதைத் தாண்ட அவன் ஏற வேண்டியிருந்தது; ஏறினான், மரம் இறங்கியது, அதன்பிறகு இருவரும் குனிந்துதான் நடந்தார்கள். இரண்டு பக்கமும் சனம் செடிக்குள் நின்று பார்த்தது. ஆற்றின் சத்தம்தான் கேட்டது.

கரையில் தருமனும் மற்றவர்களும் டோலியோடு நின்றார்கள். உள்ளே பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். வேடியப்பன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சேவத்தான் இருவர் இடுப்பிலும் கயிற்றைக் கட்டினான். இந்தத் தடவை இழுப்பதற்கல்ல, ஆறு கொண்டுபோகாமல் பிடிப்பதற்கு. "மாமா" என்றான். "கெட்டியாப் புடி" என்றான் வேடியப்பன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. ஆறு அவர்களைத் தள்ளியது, கயிறு விறைத்தது, மேலே மரம் ஆற்றுக்குக் குறுக்கே நீண்டுகொண்டே போனது. நடு ஆற்றில் காலடித் தரை மரம் இறங்குவதைவிட வேகமாகத் தாழ்ந்தது, ஆகவே மரம் உயரத்தில் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் இருவருக்கும் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அவன் அவள் கையைப் பிடித்தான். பிறகு காலடியில் தரை ஏறத் தொடங்கியது. மார்பு, இடுப்பு, முழங்கால். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மரம் இறங்கியது. குனிந்தார்கள், பிறகு தவழ்ந்தார்கள். அக்கரை மேடு அவர்கள் மூஞ்சிக்கு நேராகச் சேறும் வேருமாக இருந்தது. வேடியப்பன் அவள் இடுப்பைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி மேட்டுக்குமேல் எறிந்தான். பிறகு வேரைப் பிடித்துத் தானும் ஏறினான், நெஞ்சு ஏறியது, வயிறு ஏறியது, ஒரு கால் ஏறியது, மற்றொரு கால் ஏறுவதற்குள் மரம் படுத்துவிட்டது.

அது விழுந்த சத்தம்கூட வரவில்லை. அத்தனை மாதம் அந்தரத்தில் நின்ற மரம், களைத்த மாடு படுக்கிற மாதிரி, அடி இக்கரையிலும் தலை அக்கரையிலும் ஆற்றுக்குக் குறுக்கே படுத்தது. இப்போதுதான் அதற்குப் பாரம் வந்தது. வேடியப்பனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே அதன் அடியில் இருந்தது.

உண்ணாமலை மரத்தைத் தள்ளிப் பார்த்தாள், நகத்தால் மண்ணைப் பறித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் சேவத்தான் கடப்பாரை, கடப்பாரை என்று கத்தினான். வேடியப்பனின் முகம் வெளுத்திருந்தது. "அதெல்லாம் அப்பறம்" என்றான். "புள்ளையத் தாண்ட வை."

"மாமா, மேல ஆள் நடந்தா—"

"நடக்கச் சொல்லு மே!"

அவள் எழுந்தாள். அவள் ஊர்ச்சபையில் எத்தனையோ பேசியிருக்கிறாள்; அப்படி ஒரு குரல் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. "தருமா! தூக்கிட்டு வா!"

அவர்கள் மரத்தின்மேல் ஏறினார்கள். முன்னால் ஒருவன் கிளைகளை வெட்டிக்கொண்டே வர, பின்னால் டோலி வந்தது. கீழே ஆறு மண்ணிறத்தில் உறுமியது. நடுவில் வரும்வரைக்கும் டோலிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அக்கரை நெருங்கியதும் கீழே கிடந்தவனைப் பார்த்துவிட்டார்கள். தருமன் கால் நின்றுவிட்டது.

"நிக்காத" என்றான் வேடியப்பன் கீழிருந்து. "நின்னாத்தான்டா வலிக்குது. நட."

நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவன் கண் மூடித் திறந்தது. டோலிக்குள்ளிருந்து பூங்காவனம், "அம்மா, அப்பா எங்க? அப்பா குரல் கேட்டுச்சே" என்றாள்.

"இங்கதான் கீறாரு. நீ கண்ணை மூடிக்கோ" என்றாள் உண்ணாமலை. டோலி மண்ணில் இறங்கியது, ரோட்டுப்பக்கம் ஓடியது.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கீழே ஆஸ்பத்திரியில் ஒரு பெண்குழந்தை பிறந்தது, நன்றாக அழுதது. வேடியப்பனை மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், காலை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அவன் அதன்பிறகு எந்த மரத்திலும் ஏறவில்லை. வந்த சித்திரையில் மலைத்தேனீ கொஞ்ச நாள் அலைந்து, மேலூருக்கு மேலே ஒரு கருமருது மரத்தில் போய்க் கட்டியது. அதை என்ன செய்வதென்று இரண்டு ஊரும் இரண்டு நாள் சண்டை போட்டு, பிறகு சேர்ந்து காவல் வைத்தன. அதெல்லாம் பின்னால் நடந்தது.

டோலி கண்ணுக்கு மறைந்தபோது உண்ணாமலை மகளோடு போகவில்லை. திரும்பி வந்து சேற்றில் உட்கார்ந்து புருஷனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மழை அவன் முகத்தில் விழாமல் முந்தானையைப் பிடித்தாள். மரத்தின்மேல் மேலூர் ஆட்களும் கீழூர் ஆட்களும் கடப்பாரையும் கவைக்காலுமாக வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், அவன் அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அசையுதா?" என்று கேட்டான்.

"இல்ல."

"இத்தனை பேர் வராங்களே, தாங்குதா?"

அவள் மரத்தைப் பார்த்தாள்.

"தாங்குது மாமா" என்றாள்.